ஒரு வெள்ளி ரசீதும் 156 டயாலிசிஸும்

மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், கட்டினால் டாக்டரைப் பார்க்கலாம், ரத்தம் எடுப்பார்கள், மாத்திரையும் கைக்கு வந்துவிடும். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குப் பெருமைதான். ஆனால் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த பட்டணத்தில் அந்த ஒரு வெள்ளி ரசீதுக்குப் பின்னால் என்னென்ன செலவு ஒளிந்திருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பணத்தை எதற்கு முதலில் கொடுப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 65 வெள்ளி. செம்பனைக் குலை வெட்டுபவருக்கோ பால் மரம் வெட்டுபவருக்கோ காய்ச்சல் என்றால் டாக்டர் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு கொடுப்பார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) அப்பாயிண்ட்மெண்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது ‘டைம் ஸ்லிப்’: எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதிய துண்டுச் சீட்டு. எம்.சி.க்கு உள்ள பலம் அந்தச் சீட்டுக்கு இல்லை. அன்றைய கூலியைத் தருவதும் தராததும் முதலாளியின் மனசு. போக வரப் போக்குவரத்துச் செலவையும் சேர்த்தால் ஒரு வெள்ளி ரசீது அவருக்கு 80, 90 வெள்ளியாக முடிகிறது.

அதனால் அவர் ஒரு தவணை போகாமல் விடுகிறார். பிறகு இன்னொன்று. கையிலிருக்கும் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். இதனால் சுகாதார அமைச்சுக்கு அந்த வருடம் கொஞ்சம் பணம் மிச்சம்கூட ஆகும். ஒரு மருந்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றால் பத்திரிகையில் செய்தி வரும், நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். இந்த வெட்டுக்கு அது எதுவும் இல்லை. தூரமும் வரிசையும் கூலி இழப்பும் சேர்ந்து, யாருடைய கையெழுத்தும் இல்லாமல், யாருக்கு வைத்தியம் யாருக்கு இல்லை என்று தீர்த்துவிடுகின்றன. முன்னுரிமை வகுக்காத அரசாங்கம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. வகுப்பதைக் கண்ணுக்குத் தெரியச் செய்கிறதா, தெரியாமல் செய்கிறதா என்பதுதான் பேச்சு.

2025 பட்ஜெட்டில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45.3 பில்லியன் ரிங்கிட். 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, பொதுச் சுகாதாரச் செலவைக் காலப்போக்கில் நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. பணம் கூடட்டும், அதை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். ஆனால் இருமடங்கு ஆனாலும் வரிசை தீராது. புது மருந்துகள் வந்துகொண்டே இருக்கின்றன, வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆகவே எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை எப்போதும் பேசியாக வேண்டும்.

உலகத்தில் பல நாடுகள் பயன்படுத்தும் அளவு ஒன்று இருக்கிறது. ஒரு சிகிச்சையால் ஒருவருக்கு எத்தனை ஆண்டு ஆயுள் கூடுகிறது, அந்த ஆண்டுகளில் அவர் எவ்வளவு நலமாக இருப்பார் என்று இரண்டையும் பெருக்கி, ‘நலமான ஓர் ஆண்டு’ என்ற ஒரே அலகுக்குக் கொண்டுவருவார்கள். முழு நலம் என்றால் 1. படுத்த படுக்கையாக வலியோடு என்றால் 0.3, 0.4 என்று இறங்கும். பிறகு அப்படி ஓர் ஆண்டை வாங்க எவ்வளவு செலவு என்று பார்ப்பார்கள். 1999-இல் இங்கிலாந்தில் இதற்கென்றே தொடங்கிய நிறுவனம் பல வருடங்களாக 20,000 முதல் 30,000 பவுன் வரை என்ற எல்லையை வைத்துக்கொண்டு முடிவெடுத்தது. தாய்லாந்தில் 2007-இல் தொடங்கிய ஹைடாப் என்ற ஆய்வு அமைப்பு கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. அங்கே எல்லை 160,000 பாட். மலேசியாவிலும் 1995 முதல் அமைச்சுக்குள்ளேயே மாதாஸ் என்ற மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுப் பிரிவு இருக்கிறது. ஆக, கணக்குத் தெரிந்தவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள்.

கணக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் பாடம். 1990-இல் அவர்கள் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் எந்தச் சிகிச்சை முதலில் என்று செலவையும் பலனையும் வைத்துப் பட்டியல் போட்டார்கள். பல்லுக்கு மூடி போடுவது குடல்வால் அறுவைச் சிகிச்சைக்கு மேலே வந்து நின்றது. காரணம் லேசானதுதான்: பல் மூடிக்குச் செலவு மிகக் குறைவு, பலன் கொஞ்சம். குடல்வாலுக்குச் செலவு அதிகம், பலன் ஓர் உயிர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தபோது பல் முந்திக்கொண்டது. பிறகு அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு விதமாக அடுக்கினார்கள். பக்கத்தில் ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போது காப்பாற்ற வேண்டும் என்ற மனித உணர்வுக்கு வகுத்தல் கணக்கில் இடம் இல்லை. அதனால் அவசரச் சிகிச்சை, பிரசவம், கடைசிக் கால வலிக்கு மார்ஃபின் இந்த மூன்றையும் எல்லைக் கணக்குக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மார்ஃபின் சிரப் விலை குறைந்த மருந்து. அது கிடைக்காமல் ஒருவர் லயத்து வீட்டில், தோட்டத்து வரிசை வீட்டில், கத்திக்கொண்டு கிடப்பதை எந்தப் பட்ஜெட் நெருக்கடியும் நியாயப்படுத்தாது.

மீதி எல்லாவற்றுக்கும் கணக்கு வேண்டும். நம் பட்டணத்துக்கு முதலில் போட வேண்டியது, சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸின் கணக்கு.

வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், வருடத்துக்கு 156 தடவை. ஒரு தடவைக்கு 200 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 31,200 வெள்ளி. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளுக்கு நாளைக்கு ஒரு வெள்ளி என்று வைத்தால் அதே பணத்தில் 85 பேருக்கு ஒரு வருட மருந்து வாங்கலாம். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. தோட்டப்புறப் பட்டணத்தில் இந்தக் கணக்கு எங்கே வந்து விழும் என்று சொல்லத் தேவையில்லை.

“அப்படியானால் டயாலிசிஸை வெட்டி மாத்திரைக்குக் கொடு” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. இன்று மெஷினில் படுத்திருப்பவர் நேற்றைய கவனக்குறைவுக்குத் தண்டனை அனுபவிக்க வேண்டியதில்லை, அந்தக் கவனக்குறைவும் பெரும்பாலும் அவருடையது மட்டும் இல்லை. கேட்க வேண்டியது வேறு கேள்வி: ஐந்து வருடம் கழித்து மெஷினில் படுக்கப் போகிறவரை இன்று யார் கண்டுபிடிக்கிறார்கள், அந்த வேலைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

இங்கேதான் நம் நாட்டு ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனைக்கான செலவு அமைச்சின் பையிலிருந்து போகிறது. டயாலிசிஸ் செலவோ சிதறிக் கிடக்கிறது: தகுதி உள்ள சந்தாதாரருக்குப் பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், அரசாங்க ஊழியருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் பொதுச் சேவைத் துறை, சிலருக்கு அறநிலையங்கள், மீதி அரசாங்க ஆஸ்பத்திரியும் குடும்பமும். கிளினிக் நல்லபடி வேலை செய்து ஒருவரின் சிறுநீரகத்தைக் காப்பாற்றினால் மிச்சமாகும் பணம் வேறு யாருடைய பையிலோ போய் விழுகிறது. கிளினிக்குக் கிடைப்பது கூடுதல் கூட்டம் மட்டும். ஆகவே கணக்குப் போடும்போது எல்லாப் பைகளையும் ஒரே மேசையில் கொட்டிப் போட வேண்டும். டயாலிசிஸுக்குக் கட்டும் நிறுவனங்கள் தோட்டப்புறக் கிளினிக்குகளின் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் மிஸ்ஸிகளின் (தாதியரின்) சம்பளத்துக்கும் ஒரு பங்கு கொடுப்பது தருமம் இல்லை, அவர்களுக்கே லாபம்.

டயாலிசிஸிலும் தேர்வு இருக்கிறது. மெஷின் முறைக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் ஓட வேண்டும். அதற்கான வடிகட்டிச் சாதனம், தடையில்லாத மின்சாரம், பழகிய மிஸ்ஸிகள் எல்லாம் பெரிய ஊரில்தான் அமையும். மாதம் 13 தடவை ஆள் அங்கே போக வேண்டும். வயிற்றுக்குள் திரவத்தை விட்டு வடிக்கும் வயிற்று முறையில் இரண்டு லிட்டர் திரவப் பையை ஒரு நாளைக்கு நான்கு தடவை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். மாதத்துக்கு 120 பை, 240 லிட்டர். தோட்டத்து லயத்தில் அதை அடுக்க ஒரு சுவர் முழுக்க இடம் வேண்டும். கை கழுவக் குழாய்த் தண்ணீர், தூசி இல்லாத மூலை, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் தொற்று வந்து முறையே கெட்டுப்போகும். தாய்லாந்து 2008-இல் வயிற்று முறைக்கே முன்னுரிமை என்று முடிவெடுத்ததால்தான் கிராமத்து ஏழைகளுக்கும் டயாலிசிஸ் எட்டியது. 2022-இல் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று தளர்த்தியதும் கூட்டம் மெஷின் பக்கம் சாய்ந்தது, செலவு ஏறியது. 2025-இல் திரும்பவும் வயிற்று முறையை முன்னுக்குக் கொண்டு வந்தார்கள். நம் தோட்டங்களில் வீட்டைப் போய்ப் பார்க்காமல் இதில் எதையும் சொல்லக் கூடாது. பையை வீட்டுக்கு அனுப்புவதா, ஆளைப் பக்கத்துப் பெரிய ஊரான ஈப்போவுக்கு அனுப்புவதா என்பதை லயத்தின் கூரையும் குழாயும் பாதி தீர்மானிக்கும். சுத்தமான ஒரு அறையைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒதுக்கிக் கொடுத்தாலே சிலருக்கு வழி பிறக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் வரும் காலம்தான் பணத்துக்கு அதிகப் பலன் தரும் காலம். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனை வருடத்துக்கு ஒரு தடவை. சிறுநீரகம் கெட ஆரம்பித்தும் நோயாளிக்கு எந்த உபாதையும் தெரியாத வருடங்களில் அந்தக் கசிவு மட்டும்தான் சொல்லும். கசிவு தெரிந்தால் ரத்தக் கொதிப்பை 130/80-க்குக் கீழே கொண்டுவந்து பெரிண்டோபிரில் மாதிரி மருந்தைத் தாங்கும் அளவு வரை ஏற்ற வேண்டும். ஏற்றிய ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். வழியில் கெடுவது எங்கே என்றால், பரிசோதனை ரசாயனம் தீர்ந்துபோய் ‘அடுத்த தடவை எடுக்கலாம்’ என்று தள்ளிப்போவதில். முடிவு வந்தும் அட்டையில் ஒட்டப்படாமல் கிடப்பதில். அந்த மருந்தால் வறட்டு இருமல் வந்தவர் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுவதில்.

இப்போது புது மருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். டபாகிளிஃப்லோசின். 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், சிறுநீரில் புரதம் நன்றாகக் கசியும் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது சிறுநீரகம் மோசமாவதும் அதனாலோ இதயத்தாலோ சாவதும் சேர்த்து 39 விழுக்காடு குறைந்தது. 19 பேருக்குச் சுமார் 2.4 ஆண்டு கொடுத்தால் ஒருவர் தப்பிக்கிறார். இது மிக நல்ல பலன். ஆனால் அந்தப் 19 என்ற எண், புரதம் கசியும் ஆட்களுக்கு உரியது. கசிவு இல்லாத எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தால் சிறுநீரகக் கணக்கில் ஒருவரைக் காப்பாற்ற இன்னும் நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டி வரும், பணம் பாதியிலேயே தீரும். ஆகவே மருந்தை வாங்குவதற்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனையை வாங்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் விலை உயர்ந்த மருந்தை வாங்கும் அரசாங்கம் இருட்டில் காசை எண்ணுகிறது.

இன்னொரு நுணுக்கம் வெளியில் பலருக்குத் தெரியாது. அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எழுத்து இருக்கும். ‘சி’ என்றால் மருத்துவ உதவியாளர்கூட எழுதலாம். ‘பி’ என்றால் டாக்டர். ‘ஏ’ என்றால் நிபுணர். ‘ஏ/கேகே’ என்றால் கிளினிக்கில் குடும்ப மருத்துவ நிபுணர் தொடங்கி வைக்க வேண்டும். செலவைக் கட்டுப்படுத்தவும் தப்பாகக் கொடுக்காமல் இருக்கவும் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடும்ப மருத்துவ நிபுணர் இல்லாத சின்ன கிளினிக்கில் அந்த எழுத்து ஒரு பூட்டு. பெரிய ஊரில் இருப்பவருக்கு அந்த வாரமே கிடைக்கும் மருந்து, தோட்டத்துக்காரருக்குக் கடிதம், பஸ், இன்னொரு நாள் கூலி இழப்பு என்று நீள்கிறது. ‘சிறுநீரில் இவ்வளவு கசிவு, சிறுநீரகச் செயல்பாடு இவ்வளவு என்றால் சாதாரண டாக்டரே தொடங்கலாம்’ என்று நிபந்தனையை எண்ணால் எழுதிவிட்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும், பூட்டும் திறக்கும்.

அடுத்து, இனிப்பு நீரால் உணர்ச்சி மங்கிப்போகும் கால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செலவே இல்லாத வேலை ஒன்று எப்படி நடக்காமல் போகிறது என்று இதில் நன்றாகத் தெரியும்.

தேவையான கருவி ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழை. தங்கூசி நரம்பு மாதிரி இருக்கும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்தது. நோயாளியைச் சாக்ஸ் கழற்றி உட்கார வைத்து, முதலில் அவர் முழங்கையில் தொட்டுக் காட்ட வேண்டும், ‘இப்படித்தான் படும்’ என்று. பிறகு கண்ணை மூடச் சொல்ல வேண்டும். பெருவிரல் அடி, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, நடு மேடு, சுண்டுவிரல் பக்க மேடு என்று இழையை நேராக வைத்து, அது வளையும்வரை அழுத்தி, ஓரிரு நொடியில் எடுக்க வேண்டும். வரிசையாகத் தொடக் கூடாது, ஆள் ஊகித்துச் சொல்லிவிடுவார். தொடும்போது ‘படுதா?’ என்று கேட்கக் கூடாது. பட்டால் அவரே சொல்லட்டும். காய்ப்புப் பிடித்த இடத்தில் வைக்கக் கூடாது. ஓர் இடத்தில் உணர்ச்சி இல்லை என்றாலும் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. ஒரே இழையைப் பத்துப் பேருக்குமேல் தொடர்ந்து பயன்படுத்தினால் தளர்ந்துபோய்ப் பத்து கிராமுக்கு முன்னாலேயே வளையும். ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். ஆகவே கிளினிக்குக்கு மூன்று நான்கு இழை வேண்டும். பிறகு விரல் இடுக்கு, நகம், குதிகால் வெடிப்பு, பாதத்தில் நாடித் துடிப்பு. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

உணர்ச்சி போன காலோடு ஒருவர் செம்பனைத் தோப்பில் நடக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். மட்டையின் முள் ரப்பர் பூட்ஸின் அடியைக் குத்தி உள்ளே வந்தாலும் தெரியாது. பூட்ஸுக்குள் நாள் முழுக்க வியர்வைத் தண்ணீர். ஆடித் திருவிழாவில் வெறுங்காலோடு உச்சி வெயில் தார் ரோட்டில் காவடியோடு நடப்பவருக்குக் கொப்புளம் வந்தது இரண்டு நாள் கழித்துச் சாக்ஸில் ஈரம் பட்டபோதுதான் தெரியவரும். அங்கிருந்து விரல், விரலிலிருந்து பாதம், பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே. கால் போனால் அந்த வீட்டில் ஒரு சம்பளம் போகிறது, பார்த்துக்கொள்ள உட்காரும் மனைவியின் சம்பளமும் போகிறது, தோட்டத்து வீட்டையே காலி செய்ய வேண்டி வரலாம். இது எதுவும் ஆஸ்பத்திரிச் செலவுக் கணக்கில் ஏறாது.

1,200 இனிப்பு நீர் நோயாளிகள் பதிந்த ஒரு கிளினிக்கில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 6,000 நிமிடம், அதாவது 100 மணி நேரம். ஒரு மிஸ்ஸியின் பதின்மூன்று நாள் வேலை. வருடத்தில் பதின்மூன்று நாள்! இதற்குப் பணம் இல்லை என்று எந்த நிதியமைச்சும் சொல்ல முடியாது. நடக்காமல் போவதற்குக் காரணம், அந்தப் பதின்மூன்று நாளை யாரும் தனியாக ஒதுக்குவதில்லை. காலைக் கூட்டத்தின் நடுவே சாக்ஸ் கழற்ற நேரம் இல்லை, ‘கால் நல்லா இருக்கா?’ ‘நல்லா இருக்கு மிஸ்ஸி’ என்று கேட்டுக் கட்டத்தில் டிக் போடப்படுகிறது. முன்னுரிமை என்பது கடைசியில் ஒரு மிஸ்ஸியின் நேர அட்டவணையில் போய் உட்காரும் விஷயம். பட்ஜெட் உரையில் வந்து, நேர அட்டவணையில் வராத முன்னுரிமை வெறும் பேச்சு.

நேரம் என்றதும் காசே கேட்காத இன்னொரு மாற்றம். தோட்ட வேலை விடிகாலையில் தொடங்கி மதியத்தில் முடிந்துவிடும். இனிப்பு நீர் அப்பாயிண்ட்மெண்ட்கள் பெரும்பாலும் காலையில், ஏனென்றால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்ற பழக்கம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவை இல்லை. வழக்கமான கொழுப்புப் பரிசோதனையையும் பெரும்பாலானவர்களுக்குச் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம். ஆகவே மதியம் இரண்டரையிலிருந்து நான்கரை வரை வாரம் இரண்டு நாள் தோட்டத்துக்காரர்களுக்கு என்று ஒதுக்கினால் அவர்கள் கூலி போகாது. மருந்தைத் தபாலில் அனுப்பும் சேவை ஏற்கெனவே இருக்கிறது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாத இடங்களில் தோட்டத்து ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். இன்சுலின் மட்டும் வேண்டாம். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, சாதாரணத் தபாலில் கெட்டுப்போகும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. நம் தோட்டங்களில் இதற்கு முன்மாதிரி வெளியில் தேட வேண்டியதுகூட இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெஸ்ஸர் லயம் லயமாகப் போன காலம் இருந்தது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் அங்கே மலேரியா இறங்கியது. கட்டிலைக் கூட்டுவதைவிட வாய்க்கால் வெட்டுவது முக்கியம் என்று கண்ட இடம் இந்த மண்தான்.

தடுப்பு என்று பெயர் வைத்த எல்லாமே லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பரிசோதனை முகாமில் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது. 2019 ஆய்வின் 18.3 விழுக்காட்டில் 8.9 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது, கிட்டத்தட்ட பாதி. அதனால் முகாம் வேண்டும்தான். 40 வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசப் பரிசோதனை கொடுக்கும் பெக்கா பி40 நல்ல திட்டம். ஆனால் தோட்டத்து மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 200 பேருக்கு விரலில் குத்தினால், புதிதாக 20 பேர் கிடைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் முதல் வருடத்தில் குறைந்தது நான்கு வருகை. 80 இடம். அந்த 80 இடத்தைக் கிளினிக்கின் நாட்காட்டியில் முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் முகாமுக்கு நாற்காலி போட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடம் ‘உங்களுக்கு நோய் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிட்டு மறந்துபோவதாக முடியும். விரலில் குத்திப் பார்த்ததை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்டவும் கூடாது. நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் உறுதி செய்ய வேண்டும். ரத்தசோகை, தலசீமியா உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி தப்பான எண்ணைக் காட்டலாம் என்பதும் கவனத்தில் இருக்க வேண்டும்.

எல்லையில் நிற்பவர்களுக்கு, அதாவது நோய் இன்னும் முழுதாக வராதவர்களுக்கு, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. நடை, சாப்பாடு பற்றித் தொடர்ந்து வழிகாட்டியவர்களுக்கு இனிப்பு நீர் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கு 26.4. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் இல்லை. நம் உடம்பு, நம் சோறு, அதனால் நமக்கு இந்த எண்கள் பெரியவை. இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்காமல் ஒன்றை ஒழுங்காகச் செய்தால் போதும் என்பதும் இதிலிருந்து வரும் சிக்கனம்தான்.

விலையைக் குறைப்பதும் முன்னுரிமை வகுப்பதில் ஒரு பகுதி. ‘இந்த மருந்து கட்டுப்படி ஆகாது’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அறிமுகமானபோது பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். 2017-இல் மலேசியா அரசாங்கப் பயன்பாட்டு உரிமத்தைப் பயன்படுத்தி, காப்புரிமையைத் தாண்டி, மலிவான வடிவத்தை வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கொடுத்தது. விலையைப் பார்த்து வரிசையிலிருந்து தள்ளிவைத்த சிகிச்சை, விலை இறங்கியதும் வரிசையின் முன்னுக்கு வந்துவிட்டது. அந்தத் துணிச்சலை நான் மனசாரப் பாராட்டுகிறேன். இன்னும் சில மருந்துகளுக்கு அது தேவை.

எதை நிறுத்துவது என்று சொல்லாமல் எதைச் சேர்ப்பது என்று மட்டும் பேசுவது பாதி வேலை. சளிக்கு ஆன்டிபயாட்டிக், கேட்டால் சத்து ஊசி, கிளினிக்கில் போன வாரம் எடுத்த அதே ரத்தப் பரிசோதனையை ஈப்போவில் திரும்ப எடுப்பது, ஸ்டாஃப் நியமிக்காமல் திறக்கும் கட்டடம், பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் வாங்கும் ஸ்கேன். மெஷின் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் பத்து வருடப் பராமரிப்பு, இயக்கும் ஆள், உதிரி பாகம், பெட்டி பெட்டியாக வாங்க வேண்டிய ரசாயனம் எல்லாம் சேர்த்த தொகையைத்தான் எதிரே வைக்க வேண்டும். கையடக்க எச்பிஏ1சி மெஷினில் பணம் போவது மெஷினுக்கு இல்லை. குளிரில் வைக்க வேண்டிய, காலாவதியாகும் கேட்ரிட்ஜுக்கு.

முடிவெடுத்த பிறகு காரணத்தை மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியிட வேண்டும், எதிர்த்துக் கேட்க ஒரு வழி வேண்டும், புதுத் தகவல் வந்தால் மாற்ற வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் நூறு பக்கம் போட்டுவிட்டால் வெளியிட்டது ஆகாது. தோட்டத்து ஆபீஸ் பலகையில் தமிழில் அரைப் பக்கம் ஒட்டினால் வெளியிட்டது ஆகும்.

அரசாங்கக் கிளினிக்குகளுக்கு ஊர் மக்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் உண்டு. நாற்காலி, மின்விசிறி, கார் நிறுத்துமிடம் பற்றிப் பேசுவதோடு அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டாம். தலைவராக இருப்பவர்கள், கோயில் கமிட்டியிலிருந்தும் தமிழ்ப்பள்ளியிலிருந்தும் போய் உட்காருபவர்கள் இந்த மூன்று எண்ணைக் கேளுங்கள்: பதிந்திருக்கும் இனிப்பு நீர் நோயாளிகளில் கடந்த பன்னிரண்டு மாதத்தில் சிறுநீரில் ஆல்புமின் பார்த்தவர்கள் எத்தனை பேர், சாக்ஸ் கழற்றிக் கால் பார்த்தவர்கள் எத்தனை பேர், அப்பாயிண்ட்மெண்டுக்கு வராதவர்களில் ஒரு மாதத்துக்குள் போன் போட்டு அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண்ணைத் தோட்டவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.